ஒன்றையொன்று சார்ந்து வாழும் இரண்டு பாக்டீரியாக்கள்: செயற்கை நுண்ணுயிர்க் கூட்டம் அமைக்க ஒரு தொடக்க வழிகாட்டி

தனித்தனியாக விட்டால் இரண்டும் வளராது; சேர்த்து விட்டால் இரண்டும் வளரும். செயற்கை நுண்ணுயிர்க் கூட்டங்களில் ஒத்துழைப்பு என்று நாம் சொல்வதன் மிக எளிய வடிவம் இதுதான். ஒரு பாக்டீரியாவுக்கு லைசின் தயாரிக்கத் தெரியாது. இன்னொன்றுக்கு மெத்தியோனின் தயாரிக்கத் தெரியாது. இரண்டையும் ஒரே குழாயில் இட்டால், ஒன்று வெளியே விடும் அமினோ அமிலத்தை மற்றது எடுத்துக்கொண்டு இரண்டுமே பெருகும். 2007இல் வென்யிங் ஷோவும் உடன் பணியாற்றியவர்களும் ஈஸ்ட்டில் இப்படி ஓர் இணையை உருவாக்கினார்கள்: ஒன்று லைசின் வாங்கி அடினின் தரும், மற்றது அடினின் வாங்கி லைசின் தரும். 2010இல் வின்டர்மியூட், சில்வர் இருவரும் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவில் 46 ஆக்ஸோட்ரோஃப்களை, அதாவது தனக்கு வேண்டிய ஏதோ ஒரு சத்தைத் தானே தயாரிக்க முடியாத ஸ்ட்ரெயின்களை (ஒரே இனத்தின் உள்வகைகளை), எல்லா வகையிலும் இணை சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,035 இணைகள். அவற்றில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் சேர்ந்து நன்றாக வளர்ந்தது.

அந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஏதோ இரண்டு ஆக்ஸோட்ரோஃப்களைக் கலந்துவிட்டால் ஒத்துழைப்பு வந்துவிடாது. ஒவ்வொன்றும் எவ்வளவு கேட்கிறது, எவ்வளவு தருகிறது என்ற இரண்டு எண்களைக் கலப்பதற்கு முன்பே தனித்தனியாக அளந்திருந்தால், கலவை வளருமா, எத்தனை மணி நேரத்தில் வளரும், எந்த விகிதத்தில் போய் நிற்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். அளக்காமல் கலந்தால், வளராதபோது ஏன் வளரவில்லை என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த அளவைகளைப் பற்றியது.

பெட்ரி தட்டில் கோடு இழுக்கவும், பிப்பெட், சென்ட்ரிஃபியூஜ் கையாளவும் தெரிந்திருந்தால் போதும். ஈ. கோலை கே-12 நோய் உண்டாக்காத ஆய்வக வகை. ஆனாலும் மரபணு மாற்றிய உயிரி என்பதால் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பயன்படுத்திய கல்ச்சர் எதுவும் ஆட்டோகிளேவ் செய்யாமல் தொட்டிக்குள் போகக்கூடாது.

இணையைத் தேர்ந்தெடுப்பது

புதிதாக வருபவர்களுக்கு லைசின்–மெத்தியோனின் இணை நல்ல தொடக்கம். லைஸ்-ஏ மரபணு நீக்கப்பட்ட ஸ்ட்ரெயினுக்கு லைசின் வேண்டும். இதை இனி ‘லை’ என்போம். மெட்-ஏ நீக்கப்பட்டதற்கு மெத்தியோனின் வேண்டும். இது ‘மெ’. இரண்டும் கெய்யோ தொகுப்பில் உள்ளன. 2006இல் வெளியான அந்தத் தொகுப்பில் ஈ. கோலையின் 3,985 மரபணுக்கள் ஒவ்வொன்றாக முழுமையாக நீக்கப்பட்டு, அந்த இடத்தில் கானமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணு வைக்கப்பட்டிருக்கிறது. முழு நீக்கம் என்பது முக்கியம். ஓர் எழுத்து மட்டும் மாறிய பழைய பிறழ்வு ஸ்ட்ரெயின்கள் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அப்போது உங்கள் குழாயில் வளர்வது ஒத்துழைப்பா, திரும்பிப் போன ஒரு செல்லின் வாரிசுகளா என்று தெரியாது.

வேறு இணை எடுக்க விரும்பினால் சில பொறிகளைத் தவிர்க்க வேண்டும். ஒரே தயாரிப்புப் பாதையில் அடுத்தடுத்த படிகள் உடைந்த இரண்டு ஸ்ட்ரெயின்களை எடுக்காதீர்கள். பின்படியில் தடைபட்டது தன்னிடம் தேங்கும் இடைப்பொருளை வெளியே விடும், முன்படியில் தடைபட்டது அதைக் குடித்து வளரும். இது ஒருவழி ஊட்டல்தான். மெட்-ஏக்குப் பதில் மெட்-ஈ நீக்கியதை எடுத்தால், வளர்ப்பு ஊடகத்தில் சிறிது பி12 வைட்டமின் இருந்தாலும் அது மாற்று நொதியைக் கொண்டு மெத்தியோனின் செய்துகொள்ளும். வேலின் கசியவிடும் ஸ்ட்ரெயினையும் விலக்குங்கள்: கே-12 வகைக்கு வேலின் ஒரு நஞ்சு, ஏனென்றால் அது ஐசோலியூசின் தயாரிப்பை நிறுத்திவிடுகிறது.

எந்த அமினோ அமிலம் செல்லுக்கு எவ்வளவு செலவு வைக்கிறது என்பதையும் பாருங்கள். ஒரு மூலக்கூறு டிரிப்டோஃபேன் செய்ய ஏறத்தாழ 74 உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகும். மெத்தியோனினுக்கு 34, லைசினுக்கு 30, அலனினுக்கு 12. ஆனால் விலை அதிகமான டிரிப்டோஃபேன் புரதங்களில் மிகக் குறைவாகவே வருகிறது, அதனால் வாங்குபவருக்குக் கொஞ்சம் போதும். இணையின் பலத்தைத் தீர்மானிப்பது செலவும் தேவையும் சேர்ந்துதான்.

கெய்யோ ஸ்ட்ரெயின் கையில் கிடைத்ததும் நேரடியாகச் சோதனைக்குப் போகாதீர்கள். தொகுப்பின் சில ஸ்ட்ரெயின்களில் நீக்கப்பட்ட மரபணுவின் இன்னொரு படி வேறிடத்தில் தங்கியிருப்பது தெரிந்த விஷயம். ஒற்றைக் காலனி எடுத்து, மரபணுவின் இருபுறமும் பிடிக்கும் பிரைமர்களால் (குறுகிய டி.என்.ஏ. துண்டுகளால்) பி.சி.ஆர். செய்யுங்கள். உள்ளே பிடிக்கும் பிரைமரால் இன்னொன்று செய்து, எதுவும் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். பின்பு பி1 ஃபேஜ் (மரபணுத் துண்டுகளை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் வைரஸ்) வழியாக அந்த நீக்கத்தைத் தூய்மையான தாய் ஸ்ட்ரெயினுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. கானமைசின் மரபணுவை அகற்ற பி.சி.பி.20 பிளாஸ்மிட் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டி.என்.ஏ. வளையம்) போதும்: 30 டிகிரியில் ஆம்பிசிலினுடன் வளர்த்து, பிறகு மருந்தில்லாமல் 42 டிகிரியில் ஓர் இரவு வைத்து, கானமைசின், ஆம்பிசிலின் இரண்டுக்குமே இறந்துபோகும் காலனியைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு ஸ்ட்ரெயின்களையும் பிரித்தறிய பச்சை, சிவப்பு ஒளிர்புரதங்கள் வைப்பது வழக்கம். அவற்றைக் குரோமோசோமிலேயே பதியுங்கள். பிளாஸ்மிட்டில் வைத்தால் அதைத் தக்கவைக்க ஆன்டிபயாடிக் போட வேண்டும், அந்த மருந்தே புதிய உறவொன்றை உண்டாக்கும். ஆம்பிசிலின் எதிர்ப்பு நொதி மருந்தைச் சிதைப்பதால், அது இல்லாத அண்டைச் செல்லும் பிழைத்துக்கொள்ளும். நீங்கள் வடிவமைக்காத ஓர் ஒத்துழைப்பு அங்கே நடந்துகொண்டிருக்கும்.

ஊடகம்

எம்9 குறைநிலை ஊடகம் வேண்டும், அதாவது உப்புகளும் குளுக்கோஸும் மட்டும் உள்ள, அமினோ அமிலம் இல்லாத வளர்ப்புத் திரவம். ஐந்து மடங்கு செறிவான உப்புக் கரைசல் ஒரு லிட்டருக்கு:

- டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் (ஏழு நீர் மூலக்கூறு கொண்டது) 64 கிராம்
- பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 15 கிராம்
- அம்மோனியம் குளோரைடு 5 கிராம்
- சோடியம் குளோரைடு 2.5 கிராம்

இதை 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். ஒரு லிட்டர் ஊடகத்துக்கு இதில் 200 மி.லி., கிருமி நீக்கிய நீர் 778 மி.லி., 20% குளுக்கோஸ் 20 மி.லி., 1 மோலார் மெக்னீசியம் சல்பேட் 2 மி.லி., கடைசியாக 1 மோலார் கால்சியம் குளோரைடு 100 மைக்ரோலிட்டர். மெக்னீசியமும் கால்சியமும் தனியே கிருமி நீக்கப்பட்டு, எல்லாம் நீர்த்து ஆறிய பிறகுதான் சேர வேண்டும். செறிவான பாஸ்பேட்டில் விழுந்தால் வெண்மையாகத் திரிந்து அடியில் படியும். அப்படித் திரிந்த ஊடகத்தைக் கொட்டிவிடுங்கள். மிகத் தூய நீர் பயன்படுத்தினால் இரும்பு முதலான சுவடு உலோகங்களின் கலவை ஒன்றையும் சேர்ப்பது நல்லது, எம்9 செய்முறையில் அவை இல்லை.

லைசின் ஹைட்ரோகுளோரைடு 1.83 கிராம், மெத்தியோனின் 1.49 கிராம், ஒவ்வொன்றையும் தனித்தனியே 100 மி.லி. நீரில் கரைத்தால் 100 மில்லிமோலார் இருப்புக் கரைசல் கிடைக்கும். 0.22 மைக்ரான் வடிகட்டி வழியே வடிகட்டி வையுங்கள். முழு வளர்ச்சிக்கு 1 மில்லிமோலார் போதும். அந்த அளவில் 0.4% குளுக்கோஸ்தான் முதலில் தீரும்.

தட்டுகளுக்கு 1.5% அகார். மலிவான அகாரில் அமினோ அமிலச் சுவடுகள் இருக்கும். வெறும் எம்9 தட்டில் ‘லை’ மங்கலான படலமாக வளர்ந்தால் குற்றவாளி பெரும்பாலும் அகார்தான். நீரில் பலமுறை கழுவிய அகாரோ அகரோஸோ பயன்படுத்துங்கள்.

ஒவ்வொன்றும் எவ்வளவு கேட்கிறது

ஈ. கோலையின் ஒரு கிராம் உலர் எடையில் லைசின் ஏறத்தாழ 326 மைக்ரோமோல், மெத்தியோனின் 146 மைக்ரோமோல் இருக்கும். 600 நானோமீட்டரில் அளக்கும் கலங்கல் அளவை ஓ.டி. என்போம். ஓ.டி. 1 என்பது லிட்டருக்குச் சுமார் 0.35 கிராம் உலர் எடை, மி.லி.க்குச் சுமார் 80 கோடி செல்கள். ஆக, ஓ.டி. 1 அளவு ‘லை’ உருவாகச் சுமார் 114 மைக்ரோமோலார் லைசின் வேண்டும். அதே அளவு ‘மெ’ உருவாக 51 மைக்ரோமோலார் மெத்தியோனின் வேண்டும்.

இந்த எண்களை அப்படியே நம்பிப் போகாமல் உங்கள் கருவியில் சரிபாருங்கள். ‘லை’யை 1 மில்லிமோலார் லைசின் சேர்த்த எம்9இல் ஓர் இரவு வளர்த்து, கழுவி (கழுவும் முறை பின்னால் வருகிறது), லைசின் 0, 10, 20, 40, 80, 160 மைக்ரோமோலார் உள்ள குழாய்களில் ஓ.டி. 0.005 ஆக இட்டு, வளர்ச்சி நின்ற பிறகு ஓ.டி. அளங்கள். லைசினுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். அதன் சாய்வுதான் உங்களுக்கு வேண்டிய எண். ‘மெ’க்கும் இதே போல். 96 குழித் தட்டில் 200 மைக்ரோலிட்டர் திரவத்தின் ஆழம் ஒரு சென்டிமீட்டரில் ஏறத்தாழ பாதிதான். தட்டுக் கருவியின் எண்ணைக் குவெட் (ஒரு சென்டிமீட்டர் அகல அளவுக் குப்பி) எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓ.டி. 0.4ஐத் தாண்டினால் பல கருவிகளில் நேர்கோடு வளையத் தொடங்கும், நீர்த்து அளங்கள்.

பூஜ்ய லைசின் குழாயிலும் வளர்ச்சி தெரிந்தால், அங்கேயே நின்று காரணத்தைக் கண்டுபிடியுங்கள். கலப்படமா, சரியாகக் கழுவாததா, தவறான ஸ்ட்ரெயினா? இது தீராமல் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

ஒவ்வொன்றும் எவ்வளவு தருகிறது

மேலே வரைந்த கோடே இப்போது அளவுகோல். ‘மெ’ எவ்வளவு லைசின் வெளியிடுகிறது என்று அறிய, அதைக் கழுவி ஓ.டி. 0.5 ஆக மெத்தியோனின் இல்லாத எம்9இல் வைத்து, 2, 4, 8 மணி நேரங்களில் சிறிது எடுத்து வடிகட்டுங்கள். வடிநீரையும் இரண்டு மடங்கு செறிவான புது எம்9ஐயும் சம அளவில் கலந்து, அதில் ‘லை’யை இட்டு, கடைசி ஓ.டி.யைக் கோட்டில் வைத்துப் பார்த்தால் லைசின் எவ்வளவு என்று வரும். பாதியாக நீர்த்திருப்பதால் இரண்டால் பெருக்க மறக்காதீர்கள்.

ஏன் பட்டினியில் வைத்து அளக்கச் சொல்கிறோம்? கலவையில் இரண்டு ஸ்ட்ரெயின்களும் எப்போதும் அரைப்பட்டினியில்தான் இருக்கின்றன. நிறைய உணவு கிடைக்கும்போது ஒரு செல் வெளியிடும் அளவும் பசியில் வெளியிடும் அளவும் வேறு. வளமான ஊடகத்தில் அளந்த எண்ணை வைத்துக் கணித்தால் கணிப்பு பொய்க்கும். முடிந்தால் இரண்டு நிலையிலும் அளங்கள். ஓர் இரவு முழுக்கத் தேங்கிய கல்ச்சரின் வடிநீரை மட்டும் எடுக்காதீர்கள், அதில் இறந்து உடைந்த செல்களின் சரக்கும் கலந்திருக்கும்.

கலக்குமுன் ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, ஓ.டி. 0.5 ‘மெ’ நான்கு மணி நேரத்தில் 8 மைக்ரோமோலார் லைசின் தந்தது என்று வைத்துக்கொள்வோம். ஓ.டி. ஒன்றுக்கு மணிக்கு 4 மைக்ரோமோலார். ஓ.டி. 1 ‘லை’ உருவாக 114 வேண்டும். 4 ÷ 114 = 0.035. இது ‘லை’யின் வரவு வீதம். ‘லை’ அதே நேரத்தில் 4 மைக்ரோமோலார் மெத்தியோனின் தந்தால் மணிக்கு 2; 2 ÷ 51 = 0.039. இது ‘மெ’யின் வரவு வீதம்.

கூட்டத்தின் வளர்ச்சி வீதம் இந்த இரண்டின் பெருக்கலின் வர்க்கமூலம்: √(0.035 × 0.039) ≈ 0.037. இரட்டிப்பு நேரம் 0.69 ÷ 0.037, அதாவது சுமார் 19 மணி நேரம். ஓ.டி. 0.02இல் தொடங்கி 1ஐ எட்ட ஐம்பது மடங்கு பெருக வேண்டும். அது ஐந்தரைக்குச் சற்றுக் கூடுதலான இரட்டிப்பு, நூறு மணி நேரத்துக்கு மேல். மறுநாள் காலை குழாயைப் பார்த்து ‘வளரவில்லை’ என்று கொட்டிவிடுபவர்கள் பலர் வளரும் கல்ச்சரைத்தான் கொட்டுகிறார்கள்.

இதிலிருந்து இறப்பையும் கழிக்க வேண்டும். பட்டினியில் மணிக்கு 0.02 வீதம் செல்கள் இறந்தால் மிஞ்சுவது 0.017 மட்டும், இரட்டிப்பு நேரம் 40 மணி நேரமாக நீளும். இறப்பு 0.037ஐத் தாண்டினால் எவ்வளவு காத்திருந்தாலும் கூட்டம் அழிந்துதான் போகும்.

விகிதமும் இதே எண்களில் இருக்கிறது. ‘லை’க்கும் ‘மெ’க்குமான விகிதம், ‘லை’யின் வரவு வீதத்தை ‘மெ’யின் வரவு வீதத்தால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். மேலுள்ள எடுத்துக்காட்டில் கிட்டத்தட்ட 1:1. ‘லை’யின் வரவு 0.16, ‘மெ’யின் வரவு 0.04 என்றால் விகிதம் 2:1. எந்த விகிதத்தில் கலந்தாலும் கூட்டம் இந்த விகிதத்தை நோக்கித் தானே நகரும். அதனால்தான் 10:1, 1:1, 1:10 என மூன்று தொடக்கங்களிலும் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். மூன்றும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தால், உங்கள் கையில் இருப்பது உண்மையான இருவழிச் சார்பு. சேராவிட்டால் ஏதோ ஒன்று தனியாக வாழ வழி கண்டுபிடித்திருக்கிறது.

இந்தக் கணக்கு, வெளியே வந்த அமினோ அமிலம் உடனே எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று கருதுகிறது. மிகக் குறைந்த செல் எண்ணிக்கையில் அது பொருந்தாது. மி.லி.க்குப் பத்தாயிரம் செல்கள் மட்டும் இருந்தால், கசிந்த அமினோ அமிலம் குழாய் முழுவதும் நீர்த்துப்போய், உறிஞ்சப் போதுமான செறிவை எட்டவே நீண்ட நேரம் ஆகும், அதற்குள் பல செல்கள் இறந்துவிடும்.

கலத்தல்

முந்தின நாள் இரவு இரண்டையும் அவற்றுக்கு வேண்டிய அமினோ அமிலம் 1 மில்லிமோலார் சேர்த்த எம்9இல், 37 டிகிரியில், ஷேக்கரில் வளருங்கள். எல்லாச் சத்தும் நிறைந்த எல்.பி. ஊடகம் வேண்டாம், செல்கள் அமினோ அமிலங்களை உள்ளே சேமித்துக்கொண்டு வந்துவிடும்.

காலையில் 1 மி.லி. எடுத்து 4,000 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுற்றி, மேல்நீரை முழுவதும் எடுத்துவிட்டு, குளுக்கோஸ் இல்லாத எம்9 உப்பில் கரையுங்கள். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அடியில் 50 மைக்ரோலிட்டர் மிஞ்சினால் இருபது மடங்கு நீர்க்கிறது. மூன்று முறைக்கு எண்ணாயிரம் மடங்கு. 1 மில்லிமோலார் 0.125 மைக்ரோமோலாராகக் குறைந்துவிடும். ஒரே முறை கழுவினால் 50 மைக்ரோமோலார் மிஞ்சும், அது ஓ.டி. 1 ‘மெ’ வளரப் போதுமான மெத்தியோனின். கழுவலில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பது இதில் விளங்கும்.

கழுவிய செல்களைக் குளுக்கோஸ் உள்ள, அமினோ அமிலம் இல்லாத எம்9இல் மூன்று மணி நேரம் வைத்தால் உள்சேமிப்பும் தீரும். பிறகு ஒவ்வொன்றும் ஓ.டி. 0.01 வருமாறு கலந்தால் மொத்தம் 0.02, அதாவது மி.லி.க்கு ஒன்றரைக் கோடிச் செல்களுக்குச் சற்று மேல். 50 மி.லி. குடுவையில் 5 மி.லி., அல்லது குழித் தட்டில் 200 மைக்ரோலிட்டர். நாலைந்து நாள் ஓடும் என்பதால் தட்டின் ஓரக் குழிகளில் வெறும் நீரை நிரப்பி, காற்றுப் புகும் படலத்தால் மூடுங்கள். ஓரக் குழிகள் வற்றினால் செறிவு கூடி, இல்லாத வளர்ச்சியைக் காட்டும். மேலே எண்ணெய் விடுவது ஆவியாதலைத் தடுக்கும், ஆனால் ஆக்சிஜனையும் குறைக்கும். பச்சை, சிவப்பு ஒளிர்புரதங்கள் முதிர ஆக்சிஜன் வேண்டும்.

ஒப்பீட்டுக் குழாய்களைக் குறைக்காதீர்கள்: ‘லை’ மட்டும், ‘மெ’ மட்டும், ‘லை’யோடு லைசின், ‘மெ’யோடு மெத்தியோனின், கலவை, கலவையோடு இரண்டு அமினோ அமிலங்களும், தாய் ஸ்ட்ரெயின், வெறும் ஊடகம். ஒவ்வொன்றும் மும்முறை. தனியாக விட்ட குழாய்கள் சற்று வளர்ந்து நின்றுவிடுவது இயல்பு. அவை தொடர்ந்து ஏறினால் முழுச் சோதனையும் செல்லாது.

எண்ணுவது

ஓ.டி. மொத்தத்தை மட்டும் சொல்லும், யார் எவ்வளவு என்று சொல்லாது. ஒளிர்வளவு உதவும், ஆனால் பட்டினியில் இருக்கும் செல்லின் ஒளிர்வும் நன்றாக வளரும் செல்லின் ஒளிர்வும் ஒன்றல்ல. நம்பத் தகுந்தது தட்டு எண்ணிக்கைதான். நான்கு வகைத் தட்டுகள் போடுங்கள்: எம்9 + லைசினில் ‘லை’ மட்டும் வரும். எம்9 + மெத்தியோனினில் ‘மெ’ மட்டும். இரண்டும் சேர்த்த தட்டில் மொத்தம். வெறும் எம்9இல் எதுவும் வரக்கூடாது. முதல் இரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதோடு ஒத்துப்போகாவிட்டால் ஏதோ தவறு. நான்காவதில் காலனி வந்தால் கலப்படம்.

தட்டுக்கு 150 காலனிகளுக்கு மேல் போகாமல் நீர்த்துப் போடுங்கள். நெருக்கமான தட்டில், லைசின் உண்டு வளரும் ‘லை’ காலனியைச் சுற்றி அது தரும் மெத்தியோனினைக் குடித்து ‘மெ’ காலனிகளும் குட்டிகுட்டியாக முளைக்கும். நாம் உருவாக்கிய ஒத்துழைப்பே நம் எண்ணிக்கையைக் கெடுத்துவிடும். இரண்டு ஸ்ட்ரெயின்களின் நிறங்களையும் மாற்றி வைத்து ஒரு முறை சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சிவப்புப் புரதம் சுமத்தும் பாரத்தை ஒத்துழைப்பின் விளைவு என்று நினைத்துவிட வாய்ப்புண்டு.

தரும் அளவைக் கூட்டுவது

இயல்பான கசிவே போதவில்லை என்றால் (பல இணைகளில் போதாது) கொடுப்பவரின் உள்கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும். செல் தனக்குத் தேவையானதற்கு மேல் அமினோ அமிலம் செய்யாமலிருக்க இரண்டு பூட்டுகள் வைத்திருக்கிறது: மரபணுவை அடக்கும் புரதம் ஒன்று, விளைபொருளே முதல் நொதியை நிறுத்தும் பின்னூட்டத் தடை மற்றொன்று.

‘லை’யில் மெத்தியோனின் உற்பத்தியைக் கூட்ட, மெட்-ஜே என்னும் அடக்கியை நீக்குங்கள். அதுவும் கெய்யோ தொகுப்பில் இருக்கிறது, பி1 ஃபேஜ் வழியே கொண்டுவரலாம். ‘மெ’யில் லைசினைக் கூட்ட, லைஸ்-சி நொதியின் 352ஆம் இடத்தில் திரியோனினை ஐசோலியூசினாக மாற்றிய வகை நன்கு அறியப்பட்டது, லைசின் எவ்வளவு சேர்ந்தாலும் அந்த நொதி நிற்காது.

மரபணுத் திருத்த வசதி இல்லாத இடத்தில் தேர்வு முறை இருக்கிறது. லைசினைப் போலவே இருக்கும் நஞ்சான தையாலைசின் கலந்த எம்9 + மெத்தியோனின் தட்டில் ‘மெ’யைப் பத்துக் கோடி செல்களாகப் பரப்பினால், தாக்குப்பிடித்து வரும் காலனிகளில் சில லைசினை அளவுக்கு மேல் தயாரிப்பவை. எல்லாம் அல்ல. லைசினை உள்ளே கொண்டுவரும் கடத்திப் புரதம் கெட்டுப்போனவையும் நஞ்சை உள்ளே விடாததால் பிழைக்கும், அவை நமக்கு உதவா. பிரித்தறிய ஒளிவட்டச் சோதனை செய்யுங்கள்: சிறிது மெத்தியோனின் சேர்த்த எம்9 தட்டின் மேல் 0.7% மென் அகாரில் கழுவிய ‘லை’ செல்களைப் பரப்பி, காலனிகளை 2 மைக்ரோலிட்டர் புள்ளிகளாக வையுங்கள். ஒன்றிரண்டு நாளில் லைசின் தரும் புள்ளியைச் சுற்றி ‘லை’ வட்டமாக வளர்ந்திருக்கும். வட்டம் பெரியதாக உள்ளதை எடுத்து, மறுபடியும் வடிநீர் அளவை செய்யுங்கள்.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் இரண்டின் வரவும் நான்கு மடங்கானால் இரட்டிப்பு நேரம் 19 மணியிலிருந்து ஐந்து மணிக்குள் வந்துவிடும். ஒன்றை மட்டும் நான்கு மடங்காக்கினாலும் வளர்ச்சி இரட்டிப்பாகும், ஆனால் விகிதம் ஒருபக்கம் சாயும். எது வேண்டும் என்பது உங்கள் நோக்கத்தைப் பொறுத்தது.

ஏமாற்றுச் செல்கள்

அளவுக்கு மேல் தயாரிப்பது சுமை. அந்தச் சுமையை இறக்கிவைத்த பிறழ்வு எப்போது தோன்றினாலும், நன்கு கலந்த திரவத்தில் அது மற்றவர்கள் தந்ததை உண்டுகொண்டு வேகமாகப் பெருகும். இது வருமா என்று கேட்பதில் அர்த்தமில்லை. எப்போது வரும் என்பதே கேள்வி, அதற்கும் கணக்குப் போடலாம். பத்து லட்சத்தில் ஒன்றாக இருக்கும் ஏமாற்றுச் செல்லுக்குத் தலைமுறைக்கு 20% அனுகூலம் என்றால், உழைப்பவைக்குச் சமமாக வர 13.8 ÷ 0.2, அதாவது 69 தலைமுறை. நாளுக்கு நூறில் ஒன்றாக நீர்த்து வளர்த்தால் ஒரு நாளில் 6.64 தலைமுறை. பத்தே நாளில் பாதிக் கூட்டம் ஏமாற்றுச் செல்கள். அனுகூலம் 5% மட்டும் என்றால் 276 தலைமுறை, ஆறு வாரம். இந்தக் காலக்கெடுவுக்குள் சோதனையை முடிப்பதுதான் முதல் தற்காப்பு.

இரண்டாவது தற்காப்பு இடம். திரவத்தைக் குலுக்கினால் தந்தது எல்லாருக்கும் போகும். அகாரின் மேல் வைத்தால் தருபவரின் பக்கத்தில் இருப்பவருக்கே அதிகம் கிடைக்கும், தருபவரின் வாரிசுகளுக்குத் துணையும் அருகிலேயே வளரும். 2013இல் ஈஸ்ட் கூட்டங்களில் காட்டப்பட்டதும் இதுதான்: ஒத்துழைக்கும் இரண்டு வகைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, ஏமாற்றும் வகை ஒதுங்கிப்போனது. செய்முறை எளிது. எம்9 அகாரின் மேல் கிருமி நீக்கிய வடிதாளை வைத்து, ஓ.டி. 0.1 கலவையை 2 மைக்ரோலிட்டர் புள்ளியாக இடுங்கள். அடுத்த சுற்றுக்கு வடிதாளோடு எடுத்து, நீரில் உதறிக் கரைத்து, மீண்டும் புள்ளியிடலாம். ஆனால் ஒவ்வொரு முறை கரைக்கும்போதும் அமைந்த இட ஒழுங்கு கலைகிறது என்பதால், சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றையும் நீளமாக விடுங்கள். அகாரை மெல்லியதாக ஊற்றுங்கள். தடித்த அகார் ஒரு பெரிய தொட்டியாகி, வெளியே வந்த அமினோ அமிலத்தை இழுத்துக்கொண்டு காலனிக்கு எட்டாமல் செய்துவிடும்.

மூன்றாவது, ஒரு கூட்டத்தைப் பல சிறு குழிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் சில செல்களிலிருந்தே தொடங்குமாறு நீர்ப்பது. ஏமாற்றுச் செல் விழுந்த குழி குறைவாக வளரும், விழாத குழி நிறைய வளரும். எல்லாவற்றையும் மறுபடி சேர்த்தால் உழைப்பவையின் பங்கு கூடியிருக்கும். ஆனால் மேலே சொன்ன குறைந்த எண்ணிக்கைச் சிக்கல் இங்கே குறுக்கே வரும், வரவு வீதம் வலுவாக உள்ள இணைகளுக்கே இது கைகொடுக்கும்.

ஏமாற்றுச் செல்களைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு வாரமும் கலவையிலிருந்து இரண்டு வகையிலும் இருபது காலனிகள் எடுத்து ஒளிவட்டச் சோதனை செய்யுங்கள். வட்டம் இல்லாதவை எத்தனை என்று குறித்துவாருங்கள். அதே நேரத்தில் நல்ல திசையில் மாறியவையும் தென்படலாம்: குறைந்த செறிவிலும் உறிஞ்சும் திறன் கூடியவை. அவற்றைத் தனியே உறையவையுங்கள்.

உறையவைப்பது எப்போதும் தனித்தனியாக: 20% கிளிசரால், மைனஸ் 80 டிகிரி, ஸ்ட்ரெயினுக்குக் குறைந்தது ஐந்து சிறுகுழாய். கலவையை மட்டும் உறையவைத்தால், உருகும்போது இரண்டும் ஒரே அளவில் பிழைக்காது, பழைய விகிதமும் திரும்பாது. ஒவ்வொரு புதுச் சோதனையும் இந்த உறைகுழாயிலிருந்தே தொடங்கட்டும்.

இணை நிலைத்த பிறகு

வெவ்வேறு இனங்களைச் சேர்ப்பது அடுத்த படி. 2015இல் ஸ்டெஃபனோபூலஸ் குழு ஈ. கோலையையும் ஈஸ்ட்டையும் சேர்த்து டாக்ஸேன் வகை மருந்துப் பொருள்களின் முன்னோடிகளைத் தயாரித்தது. ஈ. கோலை சைலோஸை உண்டு அசிடேட்டை வெளியிடும், ஈஸ்ட் அந்த அசிடேட்டை மட்டுமே உணவாகக் கொள்ளும். ஈ. கோலைக்குத் தன் அசிடேட்டே நஞ்சு என்பதால், ஈஸ்ட் அதை அகற்றுவது இருவருக்கும் நன்மை. இனங்கள் மாறும்போது வெப்பநிலை, காரத்தன்மை, ஆக்சிஜன் தேவை மூன்றும் பொருந்துகின்றனவா என்று முதலில் தனித்தனியாகப் பாருங்கள். ஈஸ்ட்டுக்கு உகந்தது 30 டிகிரி.

செல்கள் தம் எண்ணிக்கையை அறிந்து நடந்துகொள்ள வேண்டுமானால், லக்ஸ் போன்ற, செல்கள் வெளியிட்டு உணரும் மூலக்கூறுகளால் இயங்கும் சமிக்ஞை அமைப்புகளைச் சேர்க்கலாம். இரண்டு எச்சரிக்கைகள்: லாஸ் என்ற இதே வகை அமைப்பின் சமிக்ஞை லக்ஸ் அமைப்பையும் ஓரளவு தூண்டும், ஆகவே இரண்டையும் சேர்ந்து பயன்படுத்துமுன் குறுக்கே தூண்டுகிறதா என்று நான்கு சேர்க்கைகளிலும் அளங்கள். இந்தச் சமிக்ஞை மூலக்கூறுகளின் வளையம் காரத்தில் உடைந்துபோகும், கல்ச்சரின் பி.எச். 7க்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.